எலிக்கு ஆறிய புண்

கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை, குத்துக்கல்வலசையில் அன்பியக் கூட்டம் முடிந்து நாம் எழுந்தபோது, அந்த வீட்டு அம்மா நம்மைச் சற்றே நிற்கச் சொன்னார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கி, சாலையெங்கும் வெளியூர் வண்டிகள் நிறைந்திருந்த வாரம் அது. உள்ளே சென்றவர்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சிறிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து நம் கையில் வைத்தார்கள். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் ஆறு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் உப்புத்தூளைப் போலச் சிறிதளவு வெண்பொடி. "சாமி, இதைக் கொஞ்சம் மந்திரிச்சுத் தாங்க. நாளைக்கு ஊசி போட ஆரம்பிக்கணும்" என்றார்கள்.

அவர்களுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர்கள். சர்க்கரை நோயால் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், எட்டு மாதமாக ஆறாத புண். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகன், தோள்பட்டை கிழிந்து அவதியுற்ற நண்பன் ஒருவன் இம்மருந்தால் குணமடைந்தான் என்று கேள்விப்பட்டு, எங்கோ பணம் கட்டி வாங்கி, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறான். இன்சுலின் போட்டுப் பழகிய கை ஆதலால் ஊசி அவர்களுக்கு அச்சமில்லை. நாம் குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். பி.பி.சி.-157 என்ற பெயரும், அதன் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தன. ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதருக்கு அன்று என்பது அதன் பொருள்.

அந்த வரியை அவர்களுக்குத் தமிழில் சொன்னோம். ஆய்வுக்கூடத்தில் இதை எதற்குப் போடுவார்கள் என்று கேட்டார்கள். எலிக்கு என்றோம். எலிக்கு ஆறிற்றா என்று கேட்டார்கள். ஆறியதாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றோம். "எலிக்கு ஆறுதுன்னா எனக்கு மட்டும் ஏன் ஆறாது சாமி?"

குருமடத்தில் நாம் கற்ற அறநெறி இயலில் இதற்கு விடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்நேரத்தில் அது நம் வாய்க்கு வரவில்லை. அதன் பின்னர்ப் பல நாள்கள் இதைப் பற்றிப் படித்தும், மருத்துவம் அறிந்தவர்களைக் கேட்டும், செபத்தில் வைத்தும் பார்த்தோம். அவற்றின் விளைவே இக்கட்டுரை. நம் வாசகரில் பலருடைய இல்லங்களிலும் இத்தகைய குப்பி ஒன்று இன்றோ நாளையோ வந்து சேரும் என்பதால் இதை எழுதத் துணிகிறோம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். நம் உடலின் புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகள் கோத்த மாலைகள். மணிகள் இருபது வகை. மாலை நீண்டதாயின் புரதம் என்கிறோம். சில மணிகளே உள்ள சிறு துண்டாயின் பெப்டைடு என்கிறோம். நம் கிராமத்துப் பெண்கள் பூத்தொடுப்பது போன்றதே இது; கனகாம்பரம் வர வேண்டிய இடத்தில் மல்லிகை வந்துவிட்டால் மாலையே வேறாகிவிடும்.

இம்மாலைகளுள் நம் உடலில் மிகுதியாக இருப்பது கொலாஜன். உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எங்கும் அதுவே நாரும் கயிறுமாக நின்று நம்மைக் கட்டிவைத்திருக்கிறது. புண் ஆறும்போது பள்ளத்தை நிரப்புவதும், பின்னர்த் தழும்பாக நிற்பதும் அதுதான். இந்தக் கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன இடம் நம் சென்னை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என்.இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. இங்கிலாந்திலிருந்து வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் கூறியதாகச் சொல்வர். கிண்டியிலிருந்த அவரது துறைக்குப் பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாண் வரை எடுத்து, எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, பந்துகளும் குச்சிகளுமாக மாதிரி கட்டிப் பார்த்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அவர் எழுதினார். மறு ஆண்டிலேயே அதைத் திருத்தினார்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணியாக இருக்க வேண்டும்; பெரிய மணிக்குக் கயிற்றின் உள்ளே இடமில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு மணி மாறிப் பிறந்த குழந்தையின் எலும்பு, தூக்கினாலே முறியும் அளவுக்கு நொய்ந்துபோவதுண்டு.

இங்கே ஒரு செய்தியைக் கடந்துபோக மனம் வரவில்லை. மாட்டுத் தோலை உரித்தவர்களையும் பதனிட்டவர்களையும் நம் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தது. கோவிலுக்குள்ளும் தனி இடம் ஒதுக்கிய பாவம் நம் திருச்சபைக்கும் உண்டு. அவர்கள் கையாண்ட அந்தப் பொருளே, அவர்களை ஒதுக்கியவர்களின் உடலையும் நாராக நின்று கட்டிவைத்திருந்தது என்பதை ஒரு பல்கலைக்கழகம் கண்டறிய வேண்டியிருந்தது.

இராமச்சந்திரனின் மாதிரி எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1955-இல் கிரிக்கும் ரிச்சும் இங்கிலாந்திலிருந்து அதைக் குறை கூறினர். சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றனர். சங்கிலிகளைப் பிணைக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் கூற்றே பின்னாளில் நின்றது. மும்முறுக்கு என்ற அடிப்படை இராமச்சந்திரனுடையதாகவே நின்றது. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதன் பயனாக 1963-இல், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், இன்று உலகெங்கும் மாணவர் கற்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' பிறந்தது. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு பெப்டைடைச் செயற்கையாகச் செய்து, அதைப் படிகமாக்கி, அந்த மும்முறுக்கை அணு அணுவாகக் கண்டார்கள். ஓர் உண்மை இப்படி நாற்பது ஆண்டு அடிபட்டுத் தேறியிருக்கிறது. நம் கையிலிருந்த குப்பியோ எந்தச் சண்டையிலும் நின்று தேறியதில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பெப்டைடைக் கையால் கோக்கும் கலையை எளிதாக்கியவர் அமெரிக்கரான புரூஸ் மெரிஃபீல்டு. சிறு பிசின் உருண்டையில் முதல் மணியைக் கட்டிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மற்றவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கழுவிவிடும் முறையை 1963-இல் அவர் வெளியிட்டார். 1984-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1984-இல், செல்கள் தரையைப் பற்றிக்கொள்ள மூன்றே மணிகள் கொண்ட ஒரு சிறு தொடர் போதும் என்பதைக் கலிபோர்னியாவில் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாட்டியும் காட்டினர். அதற்கும் முன்பே, 1973-இல், மனித இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து லோரன் பிக்கார்ட் என்பவர் மூன்று மணிப் பெப்டைடு ஒன்றைப் பிரித்திருந்தார். செம்பைப் பற்றிக்கொள்ளும் அது இன்று முகப்பூச்சுகளில் விற்பனையாகிறது. சிதைந்த திசுவுக்கு ஒரு சிறு சொல்லைச் சொல்லி அதைத் தானே எழுந்து கட்டிக்கொள்ளச் செய்யலாம் என்பதே இவ்வாராய்ச்சிகளின் ஆசை. நல்ல ஆசை; இதைக் குறைகூற நம்மிடம் ஒன்றுமில்லை.

'இது இறைவனின் வேலையில் தலையிடுவது ஆகாதா?' என்று பக்தியுள்ளோர் சிலர் கேட்கின்றனர். ஆகாது என்பதே நம் கருத்து. மண்ணிலிருந்து மருந்தை ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. எசேக்கியா அரசரின் புண்ணுக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் எசாயா இறைவாக்கினர். நல்ல சமாரியன் செபம் சொல்லிவிட்டுப் போகவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். குற்றாலத்து மலையில் மூலிகை பறிப்பவரும் ஆய்வுக்கூடத்தில் மணி கோப்பவரும் ஒரே தோட்டத்து வேலையாள்கள்தாம்.

ஆகவே வினா பெப்டைடைப் பற்றியது அன்று. குப்பியின் மேலிருந்த அந்த ஒரு வரியைப் பற்றியது.

'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அன்று.' இவ்வரி உண்மையா, பொய்யா? எழுத்துப்படி உண்மை. மனிதருக்கென்று எந்த அரசும் அதை ஒப்புக்கொண்டு அனுமதித்ததில்லை. ஆனால் அதை விற்றவனுக்கு, வாங்குபவன் எலி வளர்ப்பவன் அல்லன் என்பது தெரியும். எந்த ஆய்வுக்கூடமும் ஆறு குப்பியை அஞ்சல்பெட்டியில் வாங்குவதில்லை என்பதும் தெரியும். சட்டம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு சொல். வாங்குபவனுக்குக் கண் சிமிட்டிச் சொல்வதற்கு வேறு சொல். அறநெறி இயலில் இதற்குப் பழைய பெயர் உண்டு. வாயால் ஒன்றைச் சொல்லி, மனத்துக்குள் மறுபாதியை ஒளித்துக்கொள்ளும் இதனை 'மனத்தொதுக்கம்' என்று குருமடத்தில் கற்றோம். அதைப் பொய்யன்று எனச் சாதித்தவர்களின் கூற்றுகளை 1679-இல் திருத்தந்தை 11-ஆம் இன்னொசென்ட் கண்டனம் செய்தார். அந்நாளில் மாணவராயிருந்த நமக்கு அது ஏதோ பழைய காலத்து வழக்காடலாகத் தோன்றிற்று. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தோம். முந்நூறு ஆண்டு கழித்து அதே வஞ்சகம் மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிக்கொண்டு நம் பங்குக்கே வரும் என்று யார் எண்ணினார்!

இதைவிடக் கொடியதும் அவ்வரியில் உண்டு. 'ஆய்வு' என்கிறது. ஆனால் அந்த அம்மா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தம் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால் அங்கே நடக்காத ஒன்று ஆய்வுதான். அளவை எவரும் குறிக்கமாட்டார்; புண் சுருங்கிற்றா பெருகிற்றா என்று எவரும் எழுதமாட்டார்; காய்ச்சல் வந்தால் எவருக்கும் தெரிவிக்கப்படாது. அவர்கள் குணமடைந்தால் அதிலிருந்து அடுத்த நோயாளிக்குப் பயனில்லை. இறந்துபோனால் அதிலிருந்தும் பாடமில்லை. 1964-இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கியில் உருவாக்கிய அறிக்கை, பின்னர் திருத்தப்பட்ட வடிவங்களில், நிரூபிக்கப்படாத சிகிச்சையை ஒரு தனி நோயாளிக்குக் கொடுப்பதை முற்றாகத் தடுக்கவில்லை. வேறு வழி பயனளிக்காதபோது, வல்லுநரைக் கேட்டு, நோயாளியின் அறிந்த சம்மதத்துடன் கொடுக்கலாம்; ஆனால் பின்னர் அதையே முறையான ஆராய்ச்சியாக்கி, நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எலிக்குக்கூட ஏடு உண்டு. எந்த எலி, எத்தனை நாள், எவ்வளவு மருந்து என்று எழுதிவைப்பார்கள். நம் அம்மாவுக்கு எழுத ஓர் ஏடில்லை.

இப்போது எலியைப் பற்றி. பி.பி.சி.-157 பதினைந்து மணிகள் கொண்ட பெப்டைடு. இரைப்பைச் சாற்றிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று அதைக் கண்டவர்கள் கூறுகிறார்கள். 1990-களின் தொடக்கம் முதல் குரோவேசியா நாட்டின் சாக்ரெப் நகரத்து ஆய்வாளர் குழுவே இதைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளது. எழுதியவற்றுள் பெரும்பகுதி எலிகளைப் பற்றியது. மனிதரில் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகச் சில, மிகச் சிறியன. விளையாட்டு வீரர்களுக்கு இதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் தடை செய்தது. மருந்துக்கடைகள் இதைக் கலந்து கொடுப்பதில் பாதுகாப்பு ஐயங்கள் உள்ளன என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பட்டியலிட்டது.

ஆய்வுக்கூடத்து எலி இளமையானது; நோயற்றது. அதன் புண்ணைக் கூரிய கத்தியால் சுத்தமாக, அளந்து வெட்டுகிறார்கள். எலியின் தோல் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்ந்து கிடப்பது. அதன் அடியில் மெல்லிய தசைத்தாள் ஒன்றுண்டு. ஆகவே எலியின் புண் பெரும்பாலும் ஓரங்கள் இழுத்துச் சுருங்கியே மூடிக்கொள்ளுகிறது. மனிதத் தோல் அப்படிச் சுருங்காது; அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து, மேலே தோல் படர வேண்டும். இனி அந்த அம்மாவின் பாதமோ நாற்பது ஆண்டு உழைத்தது, நரம்பு மரத்தது, இரத்த ஓட்டம் குன்றியது, எட்டு மாதம் சீழ் கண்டது. எலிக்கு ஆறியது அவர்களுக்கு ஆறாமல் போகலாம் என்பதற்கு இவ்வளவு காரணங்கள் உண்டு. புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் எதுவும், உடலில் எங்கேனும் மறைந்திருக்கும் புற்றுக்கட்டிக்கும் சோறு போடுமோ என்னும் அச்சத்தை மருத்துவர்கள் சொன்னார்கள். பொடியின் தூய்மையும் ஒரு கணக்கு. பதினைந்து மணியைக் கோக்கப் பதினான்கு இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் 100-க்கு 99 தடவை சரியாக நிகழ்ந்தாலும், முடிவில் 100 சங்கிலிகளில் ஏறத்தாழ 87 மட்டுமே பிழையற்றவை. எஞ்சியவற்றைப் பிரித்து நீக்குவதே பெரிய செலவு. அதை நீக்கினார்களா என்பதற்கு அந்தச் சீட்டைத் தவிர நமக்குச் சான்றில்லை.

சோதனைகளின் பாதையில் முறையாக வந்த ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெகாப்ளெர்மின் என்ற வளர்ச்சிப் புரதக் களிம்பை, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்காக அமெரிக்க அரசு 1997-இல் அனுமதித்தது. அதன் பிறகும் கண்ணை மூடிவிடவில்லை. 2008-இல், அதை மிகுதியாகப் பயன்படுத்தியோரில் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருக்கலாம் என்று கடும் எச்சரிக்கையை அதன்மேல் அச்சிடச் செய்தது. மேலும் ஆய்ந்து 2018-இல் அவ்வெச்சரிக்கையை நீக்கிற்று. ஏறவும் இறங்கவும் ஒருவர் பொறுப்பாக இருந்தார். குப்பிக்கு யார் பொறுப்பு?

எலிகளைக் குறித்து ஒரு சொல். தேவைக்கு உட்பட்டு, வரம்போடு விலங்குகளைச் சோதனைக்கு உட்படுத்துவதைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏற்கிறது. வீணாக அவற்றைத் துன்புறுத்துவதையும் கொல்வதையும் மனித மாண்புக்கு இழுக்கென்கிறது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கெனக் குழு உண்டு. அந்த எலிகள் சாகக் காரணம், மனிதர்மீது முதற்சோதனையைச் செய்யக் கூடாது என்று 1947-இல் நூரம்பெர்க் தீர்ப்பில் மனிதகுலம் எடுத்த உறுதி. எலியின் சாவுக்குப் பின் மனிதரில் செய்ய வேண்டிய ஒழுங்கான சோதனையைத் தாண்டிக் குதித்து, நேரே விற்பனைக்குப் போய்விட்டால், அந்த எலிகளும் வீணாகச் செத்தன என்றே சொல்ல வேண்டும்.

'உடல் அவர்களுடையது, துணிவும் அவர்களுடையது, நீர் யார் தடுக்க?' என்று நம்மை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1952 செப்டம்பரில், அதாவது இராமச்சந்திரன் சென்னைக்கு வந்த அதே ஆண்டில், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் உரோமையில் கூடிய நரம்புத் திசு ஆய்வாளரிடம் இதைப் பேசினார். அறிவியலின் நலன், நோயாளியின் நலன், பொதுநலன் என மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டினார். மனிதர் தம் உடலுக்கு முழு உரிமையாளர் அல்லர். அதைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் என்பது அவர் போதித்தது. குத்தகைக்காரன் நிலத்தில் எதையும் விதைக்கலாம். நிலத்தைப் பாழாக்க அவனுக்கு உரிமையில்லை என்று நம் உழவர்களுக்கு விளக்கினால் உடனே புரியும். ஆயினும் நாம் இதோடு நிறுத்திக்கொண்டால் கல்நெஞ்சராவோம். ஏனெனில் அந்த அம்மா நிலத்தைப் பாழாக்க விரும்பவில்லை. காப்பாற்றவே விரும்பினார்கள்.

மகனையும் நாம் குற்றவாளியாக்க மாட்டோம். பிறர் தீச்செயலுக்கு உடன்படுதலையும், உடன்படாமலே அதற்குக் கருவியாதலையும் புனித அல்போன்ஸ் லிகோரியார் வேறுபடுத்திக் காட்டினார். விற்றவன் முதல் வகை. தாய் கால் இழப்பாளோ என்று கடல் கடந்து அஞ்சிக்கொண்டிருந்த மகன் எவ்வகை? அவனால் முடிந்தது பணம் அனுப்புவதே. பணத்தால் வாங்கக் கூடியதாக அவன் கண்ணில் பட்டது அக்குப்பியே. அடுத்தபடி நாம்! சிலுவை வரைந்து தீர்த்தம் தெளித்துவிட்டால், அந்தப் பொய்ச் சீட்டின்மேல் திருச்சபையின் முத்திரையும் விழுந்துவிடும். 'சாமியே மந்திரிச்சுக் கொடுத்தாரு' என்று அடுத்த வாரம் இன்னும் நான்கு வீடுகளுக்கு அது வரும். இவ்வாறு எண்ணித்தான் நாம் அந்த அம்மாவின் நெற்றியில் சிலுவை வரைந்து செபித்தோம். பெட்டியை மந்திரிக்க மறுத்தோம்.

மறுத்தவன் வேறு வழி காட்ட வேண்டும் அல்லவா? அவ்வழியும் நம் தமிழ்நாட்டிலேயே தேறியது. 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் கரைகின்றன என்று வருடக்கணக்கில் கூர்ந்து பார்த்தார். சதை தானே அழுகவில்லை; வலி தெரியாததால், அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் மிதிபட்டுப் புண்ணாகிறது என்று கண்டார். பாரத்தை விலக்கி மாவுக்கட்டுப் போட்டாலே, மெத்தென்ற இரப்பர்ச் செருப்பு கொடுத்தாலே, அந்தப் புண்கள் ஆறின. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், அதே கட்டைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் போட்டார். அந்த மாவுக்கட்டு இன்று உலகெங்கும் அப்புண்ணுக்கு முதல்தரச் சிகிச்சையாக விளங்குகிறது. பொடியும் இல்லை, ஊசியும் இல்லை. பாதத்தைத் தரையில் ஊன்றாதிருக்க வேண்டும், அவ்வளவே.

அவ்வளவே என்று எழுதிவிட்டோம். தண்ணீர் பிடிப்பது யார்? சோறு பொங்குவது யார்? கணவனை இழந்து தனியே வாழும் பெண் இரண்டு மாதம் கால் ஊன்றாதிருப்பது எப்படி? குப்பிக்கு அவர்கள் கை நீட்டியதன் காரணம் அறியாமை மட்டுமன்று. குப்பி மட்டுமே எவர் உதவியும் கேட்காத மருந்து. இதை நாம் உணர்ந்தது தாமதமாகத்தான். அன்பியத்துப் பெண்களிடம் சொன்னோம். முறைவைத்து இரு வேளைச் சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தங்கள் பீடித்தட்டையும் உடன் எடுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து சுற்றினார்கள். அரசு மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். சர்க்கரையும் இறங்கிற்று.

ஆனால் எலும்புக்குச் சீழ் இறங்கியிருந்தது. ஆவணியில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கார்த்திகைக்குள் மீதிப் புண் மூடிற்று.

மகன் தொலைபேசியில் அழைத்தான். மரியாதை குறையாமல்தான் கேட்டான்: "அன்னைக்கே அந்த ஊசியைப் போட விட்டிருந்தா விரல் நின்னிருக்கும்ல சாமி?" நின்றிருக்காது என்று சொல்ல நமக்கு வாயில்லை. பலன் தரும் என்பதற்குச் சான்றில்லை என்றால், பலன் தராது என்பதற்கும் சான்றில்லை என்றுதானே பொருள்? எந்தச் சான்றின்மையைக் காட்டி நாம் மறுத்தோமோ, அதே சான்றின்மை அவன் கேள்விக்கும் இடம் விட்டுவைத்திருக்கிறது. "தெரியல தம்பி" என்றோம். சற்று நேரம் இருபக்கமும் பேச்சில்லை. பின்னர், அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ஏதாவது அனுப்பலாமா என்று கேட்டான்.

தழும்பைப் பற்றி ஒரு செய்தி படித்தோம். பழைய கடற்பயணங்களில் மாதக்கணக்கில் பழமும் கீரையும் இன்றி இருந்த மாலுமிகளுக்கு, பல ஆண்டுகளுக்கு முன்பே ஆறிய காயங்கள்கூட மீண்டும் வாய் திறந்தன. கொலாஜனின் கயிறு உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். தழும்பு என்பது முடிந்துபோன வேலையன்று. உடல் அதை நாள்தோறும் அவிழ்த்து மீண்டும் முறுக்கிக்கொண்டே இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களின் தழும்பை ஏன் வைத்துக்கொண்டார் என்று புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் ஒரு வினா எழுப்பி விடை கூறுகிறார். மறைச்சாட்சிகளின் தழும்புகள் விண்ணகத்தில் குறையாகத் தோன்றாமல் மாண்பாகவே தோன்றும் என்று அவருக்கும் முன்பே புனித அகுஸ்தினார் எழுதினார். இளமையில் நமக்கு இவை மிகையான ஆராய்ச்சிகளாகப் பட்டன. சென்ற மாதம் அந்த அம்மா, விரல் போன இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மெல்லக் கோவில் படியேறி வந்தபோது அவ்வாறு படவில்லை.

குப்பிகள் இன்னும் பங்கு இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியில், முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. எறிந்துவிட நமக்கு ஏனோ கை வரவில்லை. மகன் பல மாதம் மிச்சம் பிடித்த பணம். அந்த அம்மாவும் வரும்போதெல்லாம் ஒரு தடவையாவது கேட்கிறார்கள்: "அது கெட்டுப் போயிருக்குமா சாமி?"